வைஃபை அடாப்டர் நோய் நிதானம்: பரபக்கமும் சுபக்கமும்

பாயிரம்

‘நெட் வரல’ என்னும் கூக்குரல் வீட்டின் எந்த மூலையிலிருந்து எழுந்தாலும், அதைக் கேட்ட மாத்திரத்தில் குடும்பத் தலைவர் மேஜைக்கு அடியில் குனிந்து கம்ப்யூட்டர்ப் பெட்டியின் பின்புறத்தைக் கையால் துழாவி அடாப்டரைப் பிடுங்கிச் செருகுவதும், அவர் செருகி முடிக்கும் முன்பே மூத்த குமாரன் ரீஸ்டார்ட் கொடுத்துவிடுவதும், இல்லத்தரசி வாசலறைக்குச் சென்று ரவுட்டரின் சுவிட்சை அணைத்துப் போடுவதும், ‘அந்தக் கேபிள்காரத் தம்பிக்கு ஒரு போனைப் போடேன்டா’ என்று பாட்டி கட்டிலில் இருந்தபடியே ஆலோசனை கூறுவதும், இவை யாவும் ஏககாலத்தில் நிகழ்ந்து சற்று நேரத்துக்கெல்லாம் நெட் வந்து சேர்வதும் நம் இல்லங்களில் சர்வசாதாரணமான காட்சியாகும். வந்தபின் நால்வரும் தத்தம் செய்கையே பலித்ததென்று மனப்பூர்வமாக நம்புகின்றனர். ஒருவரும் பொய்யர் அல்லர். ஆயினும் மூவருடைய நம்பிக்கையேனும் பிழையாகத்தான் இருக்க வேண்டும். நால்வருடையதுமே பிழையாக இருப்பதற்கும் தடையில்லை.

நோய் தீர்வது வேறு, நோயின் காரணம் புலப்படுவது வேறு என்பதும், நம் வீடுகளில் முன்னது அடிக்கடியும் பின்னது அபூர்வமாகவும் நடைபெறுவதே இந்த உபாதி தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதற்கு ஏது என்பதும் இவ்வாராய்ச்சியின் பிரதிக்ஞை. பிறர் மதங்களை முதலில் எடுத்துரைத்து மறுத்துப் பின்னர்த் தன் மதத்தை நிலைநாட்டும் முறையை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம், சுபக்கம் என்னும் இரு பகுதிகளாக வகுத்துக் காட்டியிருக்கிறார். அத்தகைய மேலான முறையை இத்தகைய கீழான வஸ்துவின்மேல் பிரயோகிப்பது தகுமோ எனின், வீட்டின் சமாதானம் முழுவதும் அவ்வஸ்துவைச் சார்ந்து நிற்கும் இந்நாளில் தகும் என்க.

விஷய நிர்ணயம்

அடாப்டர் என்று ஈண்டுக் கூறப்படுவது, கட்டைவிரல் நகத்தளவினதாய் யூ.எஸ்.பி. துவாரத்தில் செருகப்படுவதும், பெட்டிக்குள்ளேயே அட்டையாகப் பதிந்து வருவதும் ஆகிய இரு வகையையும் குறிக்கும். கடைக்காரர் முன்னதை டாங்கிள் என்பர். இதன் தொழில் ரவுட்டர் பரப்பும் வானொலி அலையைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு உரிய எண்களாக்குவதும், அவ்வாறே எண்களை அலையாக்கித் திருப்பி அனுப்புவதுமே.

இவ்வலைகளின் வம்ச வரலாறு கௌரவமானது. 1894-96 ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர்க் கணக்கில் நீளமுள்ள நுண்ணலைகளைச் சுவரைக் கடந்து செல்லச் செய்து, அப்பால் இருந்த மணியை ஒலிக்க வைத்தார். அவரது பரிசோதனைக்கும் நம் அவஸ்தைக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1985-ல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இன்றி யாவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது; 1997-ல் 802.11 என்னும் முதல் நியதி விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்துடன் பிறந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 1999-ல் அவ்வேகம் 11 ஆகவும், 2003-ல் 54 ஆகவும் உயர்ந்தது. நம் தேசத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு 2005-ல் உரிம விலக்கு அளிக்கப்பட்டது.

உரிமம் வேண்டாத இந்த வரிசை ஊர்ப் பொதுவான மந்தைவெளிப் புறம்போக்குக்கு ஒப்பானது. வரி இல்லை, வேலி இல்லை, ஆகையால் அங்கே வராத கால்நடையும் இல்லை. அடுத்த வீட்டார் ரவுட்டரும், புளூடூத் கருவிகளும், 2450 மெகாஹெர்ட்ஸில் சோற்றைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வெளியில்தான் சஞ்சரிக்கின்றன. சாம்பார் சூடாகும் நேரத்தில் மட்டும் மேல்மாடிக்காரருடைய வீடியோ நின்று நின்று ஓடுவதாகக் கூறப்படுமாயின், அதைக் கற்பனை என்று தள்ளாமல், அடுப்புக்கும் அடாப்டருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே அறிவுடைமையாகும்.

பரபக்கம்

இனி, நிவாரணம் கூறும் மதங்கள் ஐந்து. அவற்றை முறையே எடுத்து அவற்றின் குணமும் தோஷமும் ஆராய்வோம்.

முதலாமவர் புனராரம்ப வாதிகள். எல்லாவற்றையும் அணைத்து மீண்டும் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இவர்கள் மகாவாக்கியம். நடைமுறையில் வெற்றி பெறுவோர் இவர்களே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ரீஸ்டார்ட் செய்யும்போது டிரைவர் புதிதாக ஏற்றப்படுகிறது, முகவரி புதிதாகக் கேட்கப்படுகிறது, சிக்கி நின்ற சேவைகள் யாவும் ஓய்ந்து எழுகின்றன. அதாவது பத்து நோய்களுக்குரிய பத்து மருந்துகளும் ஒரே கரண்டியில் புகட்டப்படுகின்றன. எந்த நோய் இருந்தது என்பதற்கான தடயமும் அந்தக் கரண்டியோடு கழுவப்பட்டுவிடுகிறது என்பதே இம்மதத்தின் தோஷம்.

அன்றியும், இவர்களுள்ளே ஒரு சாரார் ஷட் டவுன் செய்து மறுநாள் காலையில் திறப்பதையே முழுமையான மறுபிறவி என எண்ணுகின்றனர். 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு இயங்கும் கம்ப்யூட்டர்களில், ஷட் டவுன் செய்யும்போது அமைப்பின் உள்ளுயிராகிய பகுதி அழியாமல் வட்டில் எழுதி வைக்கப்பட்டு, காலையில் அவ்வாறே மீட்கப்படுகிறது; முந்தைய நாளின் பிழையும் அதனோடு கூடவே எழுந்து வருகிறது. ரீஸ்டார்ட் என்னும் கட்டளைக்கோ இந்த மீட்சி இல்லை; அங்கே யாவும் புதிதாகவே தொடங்கும். இரவு முழுதும் உறங்கியும் பூர்வ வாசனை நீங்காத யந்திரம் அரை நிமிஷ ரீஸ்டார்ட்டில் பரிசுத்தமாகிவிடுவதன் ரகசியம் இதுவே.

இரண்டாமவர் பிடுங்கிச் செருகுவோர். இவர்கள் கர்மயோகிகள், விவாதத்தில் இறங்காமல் நேரே மேஜைக்கு அடியில் இறங்குவர். அங்கே ஒட்டடையையும், யாருடையவென்று தெரியாத கம்பிகளின் முடிச்சையும் கடந்து, மூக்குக்கண்ணாடி சரிய, விரல் நுனியால் மட்டுமே துவாரத்தைக் கண்டறிந்து, தலைகீழாக ஒரு முறையும் நேராக ஒரு முறையும் முயன்று செருகியபின், ‘இப்பப் பாரு’ என்று மேலே இருப்பவருக்குக் குரல் கொடுப்பர். இதனால் பயன் உண்டு. தளர்ந்த தொடர்பு இறுகுகிறது. உறங்கிப்போன அடாப்டருக்கு மின்சாரம் புதிதாகக் கிடைக்கிறது. யந்திரமும் அதைப் புதிய விருந்தினனாக எண்ணி மறுபடி விசாரிக்கிறது.

ஆனால் பிடுங்கிய துவாரத்திலேயே செருகினோமா, பக்கத்துத் துவாரத்தில் செருகினோமா என்பதை இவர்கள் கவனிப்பதில்லை. விஷயமோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நீல நிற நாக்குடைய யூ.எஸ்.பி. 3 துவாரங்களும் அவற்றில் செருகிய வட்டுகளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பிரதேசத்தில் இரைச்சலை எழுப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-ல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. நகத்தளவு டாங்கிளை அத்துவாரங்களின் அருகில் செருகினால், காது கேளாமை அதன் பிறவிக் குறையன்று, சகவாச தோஷம். கையளவு நீளமுள்ள யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, அதன் நுனியில் டாங்கிளைச் செருகி மேஜைமேல் வைத்தால் இத்தோஷம் நிவர்த்தியாகும். புதிய ரவுட்டர் வாங்கும் செலவில் இது எத்தனையில் ஒரு பங்கு என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்க.

மூன்றாமவர் டிரைவர் வாதிகள். கல்வியால் இவர்களே மேம்பட்டவர். ஆகையால் துன்பமும் இவர்களுக்கே அதிகம். சாதனத்துக்கும் யந்திரத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாய் நிற்கும் மென்பொருளே டிரைவர். அது பழுதானால் டிவைஸ் மேனேஜர் என்னும் பட்டியலில் அடாப்டரின் பெயர்மேல் மஞ்சள் முக்கோணமும் வியப்புக்குறியும் தோன்றும். குறியீடு 10 என்றால் சாதனம் தொடங்க இயலவில்லை என்று பொருள். குறியீடு 43 என்றால், சாதனம் தன்னிடம் குறையுள்ளதாகத் தானே அறிவித்தது பற்றி அதை நிறுத்தி வைத்திருப்பதாகப் பொருள். குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவனுக்குத் தண்டனையைக் குறைக்கும் வழக்கம் நீதிமன்றங்களில் உண்டு, விண்டோஸிடம் இல்லை.

இம்மதத்தாரை வாட்டும் பெருஞ்சங்கடம் நியாய சாஸ்திரம் சக்கரகம் என்று தூஷிக்கும் தோஷமேயாகும். அடாப்டர் இயங்க டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அடாப்டர் இயங்க வேண்டும். பெட்டியுடன் தரப்பட்ட குறுந்தகட்டைப் போட்டுத் தப்பலாம் என்றால், இன்றைய கம்ப்யூட்டர்களில் அதைப் போடும் வாயே அடைபட்டுவிட்டது. டாங்கிள்களில் சில, செருகிய உடனே தம்மை ஒரு குறுந்தகடாகக் காட்டிக்கொண்டு, வயிற்றில் சுமந்துவந்த டிரைவரைத் தந்துவிட்டுப் பின்னரே அடாப்டராக உருமாறும். இவை உத்தம ஜாதி. அல்லாதவற்றுக்கு, கைப்பேசியைக் கம்பியால் கம்ப்யூட்டருடன் சேர்த்து, யூ.எஸ்.பி. டெதரிங் என்னும் வசதியை இயக்கி, அக்கடன் வாங்கிய இணையத்தால் டிரைவரை இறக்கிக்கொள்வதே வட்டத்தை உடைக்கும் வழி. நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலைப் புதுப்பிப்புக்குப்பின் கெட்டதாயின், புதிய டிரைவரைத் தேடி அலையாமல், ரோல் பேக் என்னும் பொத்தானால் பழையதற்கே திரும்புதல் நன்று.

நான்காமவர் சுவர்வாதிகள். எல்லாக் குற்றமும் கட்டடத்தினுடையது என்பர். இவர்கள் கூற்றில் உண்மை உண்டாயினும், அளவை இல்லை. ரவுட்டர் வெளியிடும் சக்தி சுமார் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. அடாப்டரின் செவியில் விழுவதோ, மைனஸ் 60 டிபிஎம் என்று காட்டும் நல்ல நிலைமையிலேயே, ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதுவே மைனஸ் 80 ஆனால் இன்னும் நூறு மடங்கு குறைந்துவிட்டதென்று கொள்க. இவ்வளவு மெல்லிய ஒலியைக் கேட்கும் செவிக்கும் ரவுட்டருக்கும் இடையே செங்கல் சுவர் இருப்பது பொறுக்கத்தக்கது. கம்பி கட்டிய கான்கிரீட் தூண் இருப்பது கஷ்டம். கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ, முன்புறம் ஆளுயரக் கண்ணாடி சகிதமாக நிற்பது பெருங்கஷ்டம். இரும்பும், கண்ணாடியின் பின்பூச்சாகிய உலோகமும் அலைகளை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் பீரோவை நகர்த்துவதென்பது வீட்டில் யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது வைஃபை சாஸ்திரத்துக்குப் புறம்பான கேள்வி. ரவுட்டரை உயரத்தில் வைப்பதோ கம்ப்யூட்டரை இடம் மாற்றுவதோ கலகம் விளைக்காத மார்க்கம்.

ஐந்தாமவர் கம்பெனி வாதிகள். தெருவில் எங்கோ லைன் அறுந்துவிட்டது என்பதே இவர்கள் தீர்ப்பு. இவர்கள் சொல்வது மெய்யாக இருக்கும் நாட்களில் வீட்டில் ஒருவரும் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. இம்மதத்தின் கவர்ச்சியும் அதுவே.

சுபக்கம்

ஐந்து மதத்தாரும் ஒரோவழி உண்மையை உடையவர். முழுமையாகப் பிழைபட்டவர் ஒருவரும் இலர். அவர்களிடத்தில் குறைவது வரிசை. காண்டல், கருதல், உரை என்று நம் முன்னோர் அளவைகளை வகுத்தபோது காண்டலை முதலில் வைத்தனர். நாமோ பக்கத்து வீட்டுக்காரர் உரையை முதலில் வைத்து, காண்டலைக் கடைசியில், அதுவும் மனமிருந்தால், மேற்கொள்கிறோம். ஆகவே பின்வரும் வினாக்களை இம்முறையிலேயே கேட்க வேண்டும்.

முதல் வினா: அதே வைஃபையில் கைப்பேசிக்கு நெட் வருகிறதா? இதை வினவும்போது கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுதல் அவசியம். அணைக்காவிடில், வைஃபை மாண்டு கிடந்தாலும் கைப்பேசி சத்தமின்றி டேட்டாவுக்குத் தாவி, எல்லாம் நலமே என்று பொய்ச்சாட்சி சொல்லும். கைப்பேசிக்கும் வரவில்லையெனில் குற்றம் ரவுட்டரிலோ லைனிலோ இருக்கிறது. அடாப்டரை அக்கணமே விடுதலை செய்க.

இரண்டாம் வினா: அடாப்டர் விழித்திருக்கிறதா? விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படம் பொறித்த விசை ஒன்று சில கம்ப்யூட்டர்களில் இருக்கும்; மேஜையைத் துடைக்கும் துணி அதன்மேல் பட்டாலும் போதும், வீடு விமானமாகிவிடும். அன்றியும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இச்சாதனத்தை அணைத்துவிடலாம் என்னும் அனுமதி அடாப்டரின் குணவிவரப் பக்கத்தில் டிக் செய்யப்பட்டிருப்பதுண்டு. சும்மா விட்டு எழுந்துபோய் வந்தால் மட்டும் நெட் அறுந்துவிடும் என்ற புகாருக்கு அந்த டிக்கை எடுத்துவிடுவது கண்கூடான பரிகாரம்.

மூன்றாம் வினா: பட்டியலில் நம் வைஃபையின் பெயர் தெரிகிறதா? அண்டை வீட்டுப் பெயர்கள் யாவும் தெரிந்து நம் பெயர் மட்டும் தெரியாமற்போகும் விசித்திரம் உண்டு. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேச, பழைய அடாப்டர் 2.4-ஐ மட்டுமே கேட்பதாக இருக்கலாம். 2.4-லேயே நம் நாட்டில் 13 தடங்கள் அனுமதிக்கப்பட்டிருக்க, அமெரிக்க விதிக்கு அமைந்த அடாப்டர் 11-க்கு மேல் செவி சாய்ப்பதில்லை. ரவுட்டர் தன்னிச்சையாக 12-ஐயோ 13-ஐயோ தேர்ந்துகொண்ட நாளில் அவ்வடாப்டருக்கு நம் வீடே பூமியிலிருந்து மறைந்துவிடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 1, 6, 11 என்னும் தடங்களுள் ஒன்றை நிலையாக நிறுத்திவிட்டால் வீடு மீண்டும் தோன்றும். பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சேர மறுத்தால், 2018-ல் வந்த டபிள்யூபிஏ 3 பாதுகாப்பை ரவுட்டர் வற்புறுத்துகிறதா என்று பார்த்து, டபிள்யூபிஏ 2-ஐயும் ஏற்குமாறு மாற்றுக.

நான்காம் வினா: முகவரி கிடைத்ததா? ரவுட்டர் வழங்கும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், கேட்ட இடத்தில் பதில் வராமையால் கம்ப்யூட்டர் தனக்குத் தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டதென்று அறிக. அம்முகவரியை வைத்துக்கொண்டு இணையத்துக்குச் செல்ல இயலாது. ரவுட்டரை அணைத்துப் போடும் இல்லத்தரசியின் மதம் முழு நியாயம் பெறுவது இந்நிலையில்தான்.

அநிர்வசனீய நிலை

சேர்ந்தது, முகவரியும் பெற்றது, ஆயினும் விண்டோஸ் 10-ன் மூலையில் ‘இணையம் இல்லை, பாதுகாப்பானது’ என்னும் பொருளில் ஒரு வாசகம் நிற்கிறது. உண்டென்றும் சொல்லவொண்ணாமல் இல்லையென்றும் சொல்லவொண்ணாமல் இருப்பதை அத்வைதிகள் அநிர்வசனீயம் என்பர். யந்திரம் இம்முடிவுக்கு வரும் விதம் ஆராயத்தக்கது. அது மைக்ரோசாஃப்டின் கணினி ஒன்றிலிருந்து ஒரு சிறு துண்டுக் கோப்பைக் கேட்கிறது, ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்னும் மூன்று சொற்கள் வந்து சேர்ந்தால் இணையம் உண்டு, வராவிடில் இல்லை. அந்த ஒரு கதவு மட்டும் ஏதோ காரணத்தால் அடைபட்டிருக்க, உலகின் ஏனைய கதவுகள் யாவும் திறந்திருக்கவும் கூடும். ஆகையால் மூலையின் வாசகத்தை நம்பாமல் ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பதே பிரத்யட்சம்.

8.8.8.8 என்னும் எண்ணை பிங் செய்தால் பதில் வருகிறது, தளத்தின் பெயரைச் சொன்னால் வரவில்லை என்றால், பழுது பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் சேவையில். எல்லாம் வந்தும் உலாவி மட்டும் ஒவ்வொரு தளத்தையும் அபாயம் என்று தடுத்தால், திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்க்க. தாய்ப்பலகையில் சிஆர் 2032 என்னும் வட்ட பேட்டரி ஒன்று கடிகாரத்தைக் காத்துவருகிறது. அது ஓய்ந்தால் கம்ப்யூட்டர் பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். அக்காலத்தில் நின்று நோக்கும் யந்திரத்துக்கு இக்காலத்துச் சான்றிதழ்கள் யாவும் இன்னும் பிறவாதவையாகத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. மளிகைக் கடையிலும் கிடைக்கக்கூடிய ஒரு பேட்டரிக்காக அடாப்டரை மாற்றியவர்கள் உண்டு.

இவ்வினாக்கள் யாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரு மாற்றத்துக்குப்பின் ஒரு சோதனை, சோதித்ததை ஒரு தாளில் எழுதி வைத்தல். வீட்டில் நால்வர் இருந்தால் மூவர் கைகட்டி நிற்க வேண்டும் என்பது இவ்விதியின் உட்கிடை. இவ்விதி எங்கும் அனுஷ்டிக்கப்படாததற்கும் அதுவே காரணம்.

எஞ்சிய ஐயம்

ஓர் ஆட்சேபம் மட்டும் விடையளிக்கப்படாமல் நிற்கிறது. இத்தனை வினாவையும் கேட்டு, ஒன்றுக்கும் விளங்காமல், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சர்வீஸ்காரரை அழைத்தால், மாலையில் அவர் வந்து நாற்காலியில் அமர்ந்து சுவிட்சைப் போட்ட உடனே நெட் குற்றமின்றி ஓடுகிறது. ‘நல்லாத்தானே சார் வருது’ என்று அவர் நம்மை நோக்குகிறார். இதைக் கைராசி என்பாரும், யந்திரத்தின் கபடம் என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. நகத்தளவு டாங்கிளுக்குள் அத்தனை சுற்றுகளும் நெருங்கிக் கிடப்பதால், காற்றோட்டமில்லாத மேஜையடியில் நெடுநேரம் ஓடி அது சூடேறித் தடுமாறியிருக்கலாம். ஆள் வரும்வரை அணைந்திருந்த அந்த அரைநாளில் அது குளிர்ந்து தெளிந்திருக்கலாம். காரணம் சூடுதானா என்பதைத் தீர்மானிக்க, அவரை அழைக்காமலே அரைநாள் அணைத்து வைத்துப் பார்க்க வேண்டும்; அவ்வளவு பொறுமை எந்த வீட்டிலும் இல்லை. ஆள் வருகிறார் என்ற நிச்சயம் இருந்தால்தான் கம்ப்யூட்டருக்கு ஓய்வு கிடைக்கிறது. எனவே மருந்து அவர் கையில் இல்லாவிடினும் அவர் வருகையில் இருக்கிறது; ஆகலின் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாது கொடுத்து, ஒரு காபியும் தந்து அனுப்புவதே தர்மம் என்பது இவ்வாராய்ச்சியின் முடிபு.